‘முடிவு’ என்ற சொல்

அன்பின் ரீச்சர்,

எங்கள் ஒழுங்கையில் 23 வயதுப் பொடியன் ஒருவன் போன மாதம் தவறான முடிவெடுத்து இறந்துவிட்டான். என் சிநேகிதனின் தம்பி. வீட்டார் நெஞ்சுவலி என்றார்கள். ஊர் வேறு கதைத்தது. காதல் என்றார்கள், லீசிங் கட்டாத மோட்டார் சைக்கிள் என்றார்கள், கசிப்பு என்றார்கள். எட்டுச் செலவு முடிந்த பிறகு யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. அவனுடைய அம்மா வாசலில் இருந்தால் ஆட்கள் மற்றப் பக்கத்தால் போகிறார்கள்.

எங்கள் விளையாட்டுக் கழகம் ஏதாவது செய்ய நினைக்கிறது. அவனுடைய பெரிய படத்தையும் கடைசியாக எழுதிய கடிதத்தையும் போட்டுச் சந்தியில் பதாகை கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வயல் செய்யும் வீடுகளுக்குக் கிருமிநாசினியைப் பூட்டி வைக்கப் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்று வேறு சிலர். “இதைக் கதைச்சா இன்னும் நாலு பேருக்கு எண்ணம் வரும், சும்மா இருங்கோ” என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்யலாம் ரீச்சர்? எனக்கும் இப்போது இரவில் நித்திரை வருவதில்லை.

பெயர் வேண்டாம்,
மூதூர்.

*

அன்பின் தம்பி,

உங்கள் கடிதத்தில் ‘தவறான முடிவெடுத்து’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். நம் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. ‘தற்கொலை’க்குள் இருக்கும் கொலையைச் சொல்லக் கூசி, யாரோ நல்ல மனதோடு தொடங்கிய வழக்கமாக இருக்க வேண்டும். ஆனால் முடிவு என்பது ஆற அமர யோசித்து எடுப்பது. காணி வாங்குவது, பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, இவைதான் முடிவுகள். அநுராதபுரம், பொலன்னறுவை ஆஸ்பத்திரிகளில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதைப் பற்றி அரை மணித்தியாலம்கூட யோசித்திருக்கவில்லை. ஒரு சண்டை, ஒரு ஏச்சு, உள்ளே கொஞ்சம் சாராயம், கைக்கெட்டும் தூரத்தில் ஏதோ ஒன்று. அவ்வளவுதான். மாதக்கணக்காக மனச்சோர்வைச் சுமந்து தேய்ந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய கதை வேறு. ஆனால் அவர்களையும் அந்தக் கடைசி நேரத்தில் ஓர் அலைதான் அடித்துக்கொண்டு போகிறது. அலை வற்றும், தம்பி. கடற்கரையில் பிறந்த நமக்கு இது தெரியும்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நம் நாடே இதற்குச் சாட்சி. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் இப்படி இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அந்த ஆண்டில்தான் மிகக் கொடிய நஞ்சுகள் என்று வகுக்கப்பட்ட கிருமிநாசினிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 1998 இல் இன்னொன்று, 2008 தொடங்கி மேலும் மூன்று. 2005 ஆகும்போது வீதம் பாதியாகிவிட்டது. இன்று ஏறத்தாழ 15. 1995க்கும் 2005க்கும் இடையில் யுத்தம் முடிந்துவிடவில்லை. வேலையில்லாத் திண்டாட்டமோ குடியோ பிரிந்த குடும்பங்களோ இந்த வீழ்ச்சிக்குக் காரணம் சொல்லும்படி மாறவுமில்லை. நெல் விளைச்சலும் குறையவில்லை. துயரம் இருந்தபடியே இருக்க, மரணம் மட்டும் பாதியானது. அலை அடித்த நேரத்தில் கைக்கு அகப்பட்டது முன்போல் கொல்லவில்லை, பிழைத்தார்கள். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் திரும்பவும் அந்த வழிக்குப் போய் இறப்பதில்லை. 1995 முதல் 2015 வரை இந்தத் தடைகளால் 93,000 உயிர்கள் தப்பின என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று உங்களோடு மூதூர் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களாக இருக்கலாம். இந்தக் கணக்கை நான் முதன்முதல் வாசித்த அன்று கனநேரம் அழுதேன்.

அதனால் பெட்டி யோசனையும் சரியென்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் இதைச் செய்து பார்த்து 2017 இல் முடிவை வெளியிட்டார்கள். பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசம் இல்லை. திறப்பும் வீட்டில்தானே இருக்கிறது. நாட்டுக்குள் வராமல் நிறுத்தியது பலித்தது, வீட்டுக்குள் பூட்டியது பலிக்கவில்லை. கழகத்தின் காசைப் பெட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். அதைவிட உரக்கடை முதலாளிமாருடன் ஒரு பின்னேரம் இருந்து கதையுங்கள். வெறியில் வருகிறவருக்கும் முகம் சரியில்லாதவருக்கும் “நாளைக்கு வாங்கோ” என்று சொல்லப் பழகிய கடைக்காரர் ஒருவர் போதும்.

பதாகையில் அந்தக் கடிதம் வேண்டவே வேண்டாம். இறந்த விதமும் காரணக் கதையும் வேண்டாம். இளம் வயதினரிடையே ஒரு மரணம் இன்னொன்றை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் இழுப்பது அதை விவரிப்பதும் தியாகம்போலத் தூக்கிப் பிடிப்பதும்தான், பெரியவர்கள் பயப்படுகிற பேச்சு அல்ல. மற்றவர்களுக்குக் கட்டுவதுபோல அவனுக்கும் பெயரும் வயதும் போட்டுக் கண்ணீர் அஞ்சலி கட்டுங்கள். நல்ல ‘பௌலர்’ என்றால் அதையும் எழுதுங்கள்.

நேரடியாகக் கேட்டால் புதிதாக எண்ணம் வந்துவிடுவதில்லை. இதைப் பலரும் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நான் இதை விலை கொடுத்துப் படித்தேன். 1981 இல், தம்பலகாமத்தில் என் சிநேகிதியின் அண்ணன் ஒரு நாள் தன் புத்தகங்களையெல்லாம் கட்டி என்னிடம் தந்தார். “நீ வைச்சிரு” என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதோ சரியில்லை என்று விளங்கியது. கேட்கப் பயந்து, “நன்றி அண்ணா” என்று சைக்கிளில் ஏறிவிட்டேன். அவர் இறந்த முப்பத்தொன்றாம் நாள் கன்னியா வெந்நீரூற்றடியில் அந்தியேட்டிக்குப் போனபோது அவருடைய அம்மா, “உன்னட்ட ஏதும் சொன்னவனே?” என்று கேட்டார். இன்றைக்கும் அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது.

இருபது வருடங்களுக்கும் பிறகு, என்னோடு படிப்பித்த ஒருவர் அதே முகத்தோடு ஸ்டாஃப் ரூமில் இருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்: “சேர், செத்துப்போகலாம் எண்டு யோசிக்கிறீங்களா?” அந்தச் சொல்லையே சொன்னேன், பூசி மெழுகவில்லை. அவர் அழத் தொடங்கினார். அழுது முடிய இரண்டு பாடவேளை ஆனது. அன்று அவரைத் தனியே வீட்டுக்கு விடவில்லை. அடுத்த நாள் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். மருந்து எடுத்தார், மாதக்கணக்கில் போய் வந்தார். இப்போது பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலாவெளிக் கரைக்குப் போகிறார்.

ஆஸ்பத்திரி என்றால் பொலிஸ் கேஸ் வரும் என்று இன்னும் பயந்து, நடந்ததை மாற்றிச் சொல்கிற வீடுகள் உண்டு. உயிர்மாய்க்க முயல்வது குற்றம் என்று தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த 302ஆம் பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இதை உங்கள் கழகம் வீடு வீடாகச் சொல்லலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் சொல்லுங்கள். காசில்லை, இரவிலும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். ஆம்பிளைகளிடம் இன்னொரு தரம் சொல்லுங்கள். இங்கே இப்படி இறப்பவர்களில் நாலில் மூன்று பேருக்குக் குறையாமல் ஆண்கள். அழவும் உதவி கேட்கவும் நாம் விடாமல் வளர்த்தவர்கள் அவர்கள்.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுக்கும் நுண்கடனைச் சொல்கிறேன். கிழமைக்குக் கிழமை ஆள் வந்து வாசலில் நின்று, குழுவிலுள்ள மற்றப் பெண்களின் முன்னால் அவமானப்படுத்துகிற கடனும் ஒரு நோய்க் காரணிதான். அதற்கு மாத்திரை இல்லை. அந்தப் பெண்ணோடு வாசலில் போய் நிற்க நாலு பேர் வேண்டும்.

அந்த அம்மாவிடம் போங்கள். காரணம் கேட்க வேண்டாம், “விதி” என்றும் சொல்ல வேண்டாம். அவன் பெயரைச் சொல்லி, அவன் செய்த குழப்படி ஒன்றைச் சொல்லுங்கள். இப்படிப் பிள்ளையை இழந்த வீட்டில் மற்றவர்களுக்கும் ஆபத்துக் கூடும். ஒரு முறை போய்விட்டு நிறுத்திவிடாதீர்கள். மூன்றாம் மாதமும் திவசத்தன்றும் போங்கள்.

இனி உங்கள் கடைசி வரி. நித்திரை வருவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த இரவே உங்களுக்கு அழைப்பெடுத்து, ஸ்டாஃப் ரூமில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். “இல்லை ரீச்சர்” என்றீர்கள். பிறகு கனநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அண்டைக்கு அவன் என்னைக் கூப்பிட்டவன், நான் ஃபோன் எடுக்கேல்லை” என்றீர்கள். உங்கள் சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறேன். உங்களைப்போல ஃபோன் எடுக்காதவர்கள் இதை வாசிப்பார்கள். அந்த இரவில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, தம்பி. எனக்காவது ஒரு முகம் தெரிந்தது. உங்களிடம் இருந்தது ஒரு மிஸ்ட் கோல் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அந்த அம்மாவின் வீட்டுக்கு இரண்டு பேருமாகப் போவோம்.

அன்புடன்,
ரீச்சர்