தட்டில் 18 மி.மீ. வட்டம், டைட்டானியத்தில் பூஜ்யம்: ஏன்?

கேள்வி: சென்னையில் பல் மருத்துவ முதுநிலை படிக்கிறேன். பல் இம்பிளான்ட்டை (தாடையில் பதிக்கும் டைட்டானியச் செயற்கை வேர்) சுற்றி வரும் தொற்றுக்குக் கருவேலம்பட்டைச் சாறு உதவுமா என்பது என் ஆய்வு. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வளர்த்த தட்டில், சாற்றைச் சுற்றி 18 மி.மீ. அளவுக்குக் கிருமி வளராத வட்டம் விழுந்தது. டைட்டானியம் வில்லையில் வளர்த்த அதே கிருமியிடம் சாறு எடுபடவில்லை. எங்கே தவறு?

பதில்: வட்டத்தை நம்பியதுதான் தவறு. சாறு தட்டிலுள்ள அகார் கூழில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதும் அந்த 18 மி.மீ.க்குள் அடங்கியிருக்கிறது. டைட்டானியத்திலோ கிருமி பிசின் போன்ற பயோஃபிலிம் உறைக்குள் உட்கார்ந்திருக்கும். மிதக்கும் கிருமிக்குப் போதுமான அளவைப்போல் நூறு மடங்கு, சில மருந்துகளுக்கு ஆயிரம் மடங்குகூடத் தேவைப்படும்.

முதலில் எம்ஐசி, அதாவது கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று பாருங்கள். 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை வைத்துக் கிருமி எண்ணிக்கையை மதிப்பிடும் அளவுகோல்) கலங்கலை முல்லர்-ஹின்டன் வளர்ப்புத் திரவத்தில் 150 மடங்கு நீர்த்து, 96 குழித் தட்டில் சம அளவு சாற்றுடன் கலந்தால் மி.லி.க்குச் சுமார் 5 லட்சம் கிருமி நிற்கும். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதற்குப் பின்னால் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் இங்கே தொல்லை. குழி கறுக்கும், புரதம் திரியும், கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. உயிருள்ள கிருமி இருந்தால் நிறம் மாறும் ரெசாசுரின் சாயத்தையும் நம்பாதீர்கள். கிருமியே இல்லாமல், டானின் போன்ற பாலிஃபீனால் அதன் நிறத்தை மாற்றிவிடும். ஒவ்வொரு குழியிலிருந்தும் 20 மைக்ரோலிட்டர் எடுத்துப் புதுத் தட்டில் விட்டு எண்ணுங்கள். 10 காலனிக்குமேல் வந்தால் 99.9 சதவீதம் சாகவில்லை.

ஸ்டஃபைலோகாக்கஸ் மட்டும் போதாது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் ஈறுநோய்க் கிருமியான பார்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸும் வேண்டும். அதை வளர்க்கும் புரூசெல்லா அகாருக்கு மி.லி.க்கு ஹீமின் 5 மைக்ரோகிராம், வைட்டமின் கே1 1 மைக்ரோகிராம், 5 சதவீத ஆட்டு ரத்தம். ரத்தப் புரதத்தோடு டானின் ஒட்டி வலுவிழக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வளரவே இல்லையென்றால் சாற்றைப் புகழும் முன் ஆக்சிஜனை நீக்கி வளர்க்கும் ஜாடியைப் பாருங்கள்: ஆக்சிஜனை நீக்க உதவும் பல்லேடியம் வினையூக்கி சென்னைப் புழுக்கத்தில் ஈரம் ஏறிச் செயலிழந்திருக்கலாம். 160 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டால் சரியாகும்.

இனி வில்லை. மெருகேற்றியதையும் மணல் வீசி அமிலம் தீட்டியதையும் கலக்காதீர்கள்; சொரசொரப்பில் கிருமி அதிகம் ஒட்டும். நெறிமுறைக் குழு அனுமதியோடு எடுத்த எச்சிலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, வாயில் உள்ளதுபோல் எச்சில் படலம் படிய 37 டிகிரியில் 1 மணி நேரம் வில்லையை அதில் ஊறவையுங்கள். பிறகு கிருமியை 24 மணி நேரம் வளர்த்து, உப்புநீரில் மெல்ல இரண்டு முறை அலசி, 5 நிமிடம் சாற்றில் வையுங்கள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் (வாய் கொப்பளிக்கும் கிருமிநாசினி), உப்புநீர், சாறு கரைத்த கரைப்பான் மூன்றும் ஓட வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். நேரம் முடிந்ததும் மருந்தை முறிக்காவிட்டால், ஒட்டி வந்த மருந்து எண்ணும் தட்டிலும் கொன்றுகொண்டிருக்கும். வராத வெற்றி வந்ததாகத் தெரியும். குளோர்ஹெக்சிடினுக்கு ட்வீன் 80 3 சதவீதமும் லெசித்தின் 0.3 சதவீதமும், டானினுக்குப் பாலிவினைல்பைரோலிடோன். முறிப்பான், மருந்து, சுமார் 100 கிருமி மூன்றையும் கலந்து, அந்த 100 பேரும் திரும்பி வருகிறார்களா என்று முன்கூட்டியே சோதியுங்கள். பிறகு வில்லையை அல்ட்ராசோனிக் தொட்டியில் 5 நிமிடம் வைத்து, சுழற்றிக் கலக்கி, நீர்த்து எண்ணலாம். கிரிஸ்டல் வயலட் சாயம் செத்த கிருமிக்கும் நிறம் ஏற்றும். கொன்றதற்கு அது சாட்சியாகாது.

ஒரே நாளில் மூன்று வில்லை வைத்தால் அது ஒரு சோதனைதான். மூன்று வெவ்வேறு நாள் செய்யுங்கள். பலன் தரும் அளவு தெரிந்ததும், அதே அளவை அதே 5 நிமிடம் ஈறின் இணைப்புத் திசுவிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களிலும் விட்டு, அவற்றுக்குத் தீங்கு வருகிறதா என்று பாருங்கள்.