சுருட்டை முடியும் குளிர்காலத் தொப்பியும்: கேளுங்க, சொல்றேன்

ஜனவரி வந்தாலே டொரண்டோ பக்கம் சுருட்டை முடிக்காரங்க எல்லாருக்கும் ஒரே புலம்பல்தான், தொப்பி போட்டா முடி போச்சு, போடலைன்னா காது போச்சுன்னு. நான் இங்க சலூன்ல சுருட்டை முடிதான் அதிகமா பாக்குறேன், அதனால கேட்டவங்களுக்கு எல்லாம் ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன்.

கேள்வி: முடி அடர்த்தி ஜாஸ்தி அக்கா, டூக் (கனடால போடுற பின்னல் குளிர்காலத் தொப்பி) போட்டா கொஞ்ச நேரத்துல மேல ஏறி கழண்டுடுது. பெரிய சைஸ் வாங்கணுமா?

பதில்: சைஸ் இல்லம்மா, முடிய எங்க வைக்கிறீங்கன்னு பாருங்க. உச்சில கொண்டை போட்டா அது டூக்கைத் தள்ளிட்டேதான் இருக்கும். கழுத்துகிட்ட லூஸா கொண்டை, இல்ல ரெண்டு தளர்வான பின்னல், அதுக்கு மேல பின்னாடி தொங்குற ஸ்லவுச்சி பீனி தொப்பி போடுங்க, அசையாது. உச்சிக் கொண்டைதான் வேணும்னா மேல ஓட்டை வச்ச போனிடெயில் பீனி இருக்கு, ஆனா நல்ல காத்தடிக்கிற நாளுக்கு அது பத்தாது.

கேள்வி: உள்ள சாட்டின் வச்ச தொப்பி விலை ஜாஸ்தியா இருக்கே, வித்தியாசம் தெரியுமா?

பதில்: ரொம்பவே தெரியும். தலையில ஊறுற எண்ணெய் நேர் முடில சுலபமா இறங்கிடும், சுருள்ல அத்தனை வளைவையும் தாண்டி நுனிக்குப் போய் சேராது, அதான் நம்ம முடி எப்பவும் வறண்டே இருக்கு. அந்த வறண்ட முடி மேல கம்பளியோ அக்ரிலிக்கோ நாள் முழுக்க உரசினா முடியோட மேல் செதில் தூக்கிக்கும், ஃப்ரிஸ் ஆகி பறட்டையா நிக்கும், சிக்கு விழும், கடைசில உடையும். சாட்டின் வழுக்குறதால உரசல் குறையுது, பட்டே வேணும்னு இல்ல, பாலியஸ்டர் சாட்டினே போதும். செலவு வேண்டாம்னா பழைய மென்பட்டு சேலைல ஜரிகை இல்லாத இடமா பார்த்து கிராஸா வெட்டுங்க, அப்பதான் துணி கொஞ்சம் இழுபடும், கையாலயே உள்பக்கம் தைச்சுடலாம், ஓரத்துல இறுக்கித் தைச்சா மட்டும் தொப்பி விரியாது. தையல் வராதா, மெல்லிசா ஒரு சாட்டின் ஸ்கார்ஃப் கட்டிட்டு மேல தொப்பி போடுங்க.

கேள்வி: அக்கா, என்ர மகளுக்கு 8 வயசு, நல்ல சுருள் தலைமயிர். பள்ளிக்கூடத்தால வரேக்க பிடரிப்பக்கம் ஒரே சிக்கு, சீவினா அழுறாள். தொப்பியை விட்டிடலாமோ?

பதில்: ஐயோ, விட்டுடாதீங்க. காத்தோட சேர்த்து மைனஸ் 28க்குப் போச்சுன்னா மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்துக்குள்ள உறையலாம்னு கனடா வானிலைத் துறையே எச்சரிக்குது, குழந்தையோட காதை விட முடி பெருசில்ல. பிடரிச் சிக்குக்கு தொப்பி மட்டும் காரணமா இருக்காது, கம்பளி ஸ்கார்ஃபையும் ஜாக்கெட் காலரையும் பாருங்க, அங்கதான் உரசுது. காலையில ரெண்டு பின்னல் போட்டு ஜாக்கெட்டுக்குள்ள விடுங்க. சாயங்காலம் காஞ்ச முடில சீப்பே வைக்காதீங்க, தண்ணியும் கண்டிஷனரும் தடவி நுனில ஆரம்பிச்சு மெதுவா மேல போங்க. ஸ்கேட்டிங் போனா ஹெல்மெட்டுக்குள்ள தடியான டூக் வேண்டாம், ஹெல்மெட் தலையோட ஒட்டி நிக்காது.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவிட்டு தொப்பி போடலாமா? இங்க பாட்டில்லயே கட்டியா உறைஞ்சு கிடக்கு.

பதில்: 24 டிகிரிக்குக் கீழ போனாலே அது உறையும், கெட்டுப் போகல, உள்ளங்கையில தேய்ச்சா உருகிடும். முடியோட புரதம் வீணாகாம தடுக்கிறதுல மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெயை விட தேங்காய் எண்ணெய் மேல்னு 2003ல வந்த ஆய்வே இருக்கு. ஆனா தலைக்குக் குளிக்கிறதுக்கு முன்னாடி முடி நீளத்துல தடவுங்க. வேர்ல வழிய வழிய வச்சு அதுக்கு மேல தொப்பியும் போட்டா பொடுகு அதிகமாகும், நெத்தில பரு வரும். தொப்பியையும் அடிக்கடி துவைங்க, கம்பளின்னா பச்சைத் தண்ணில மட்டும், சுடுதண்ணில சுருங்கிடும்.

கேள்வி: காலைல தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட தொப்பி போட்டு ஓடுறேன், தப்பா?

பதில்: சளி வைரஸால வருது, ஈரத்தால இல்ல. ஆனா ஈர முடிக்கு பலம் கம்மி, வெளிய தெரியுற நுனி உறைஞ்சு விறைச்சுடும், அப்ப மடங்கினா உடையும். ராத்திரியே குளிங்க, இல்ல ஹேர் டிரையர் முனையில டிஃப்யூசர் (காத்தைப் பரப்பி விடுற மூடி) போட்டு கம்மி சூட்டுல காய வைங்க.

கேள்வி: ஊர்ல இருந்து அம்மா மங்கி கேப் அனுப்பியிருக்காங்க!

பதில்: தாராளமா போடுங்க, முகமும் கழுத்தும் மூடுறதுக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்ல. முடிய முதல்ல சாட்டின்ல சுத்திக்கோங்க, அவ்ளோதான்.

கேள்வி: நான் பையன், பெரிய சுருட்டை. தொப்பி போட்டா வழுக்கை விழுமா?

பதில்: விழாது தம்பி. தினமும் ஒரே இடத்துல இறுக்கிக் கட்டுற கொண்டைதான் ஆபத்து, நெத்தி ஓரத்துல முடி வேரோட இழுபட்டு மெலிஞ்சுடும், ரொம்ப நாள் போனா திரும்ப முளைக்காமலே கூட போகலாம். தொப்பியைக் கழட்டினதும் நெத்தில கோடு பதிஞ்சிருந்தா அது உனக்கு இறுக்கம், மாத்திடு.

கேள்வி: ஆபீஸ் போய் சேர்ந்ததும் உச்சி தட்டையாகி நிக்குது, என்ன பண்ண?

பதில்: சீப்பைத் தொடாதீங்க. சின்ன ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணியும் ஒரு சொட்டு லீவ்-இன் கண்டிஷனரும் (அலசாம அப்படியே விடுறது) கலந்து பைல வச்சுக்கோங்க, குனிஞ்சு லேசா அடிச்சு நுனிய கையால கசக்குங்க, விரலை வேர்ல விட்டு தூக்கி விடுங்க. கொஞ்சம் காயட்டும், அதுக்கப்புறம் மீட்டிங் போங்க.