‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்தில் குண்டு வைக்கும் மூன்று பெண்கள் நிஜமானவர்களா? பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற நடந்த அல்ஜீரியப் போரில் பெண்களின் பங்கு அவ்வளவுதானா?

நிஜமானவர்கள்தான். ஸோஹ்ரா த்ரிஃப், சமியா லக்தாரி, ஜமீலா பூஹைரெத். முதல் இருவரும் சட்டக் கல்லூரி மாணவிகள். 1956 செப்டம்பர் 30 அன்று தலைநகர் அல்ஜியர்ஸில் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதிக்குள் குண்டுகளோடு போனார்கள். மில்க் பார், கஃபேடேரியா, ஏர் பிரான்ஸ் அலுவலகம் என்று படம் காட்டும் இடங்களும் சரியே. ஆனால் படத்தில் மூன்று குண்டுகளும் வெடிக்கும். ஏர் பிரான்ஸில் ஜமீலா வைத்தது நிஜத்தில் வெடிக்கவில்லை. சமியா தனியாகவும் போகவில்லை. அம்மாவைக் கூடவே கூட்டிப்போனார். தாயும் மகளுமாகப் போகிறவர்களை யார் சந்தேகப்படுவார்கள்? அந்த அம்மா படத்தில் இல்லை.

இன்னொரு முறை பார்த்தால், மூவரும் கண்ணாடி முன் பிரெஞ்சுப் பெண்களைப் போல மாறும் காட்சியைக் கவனியுங்கள். ஒரு வசனம் இல்லை, மேள ஒலி மட்டும்தான். காட்சியாக அது அபாரம். ஆனால் படம் முழுக்கவே பெண்கள் பேசுவது சொற்பம். போராளித் தலைவர்களில் ஒருவரான அலி லா பொயிந்துடன் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து 1957 அக்டோபரில் செத்துப்போன ஹசீபா பென் பூஅலிக்கு அப்போது 19 வயது. அவரும் பெரும்பாலும் மௌனம்தான். காரணத்தைத் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம். இயக்கியவர் இத்தாலியரான ஜில்லோ பொந்தெகோர்வோ. ஆனால் அல்ஜியர்ஸில் இந்தக் குண்டுக் குழுக்களை நடத்திய சாதி யாசெஃபின் நினைவுக் குறிப்புகள்தான் மூலம். படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் அவரே, தலைவர் வேடத்தில் நடித்ததும் அவரே. அதனால் உத்தரவு நமக்குக் கேட்கிறது. அதை வாங்கிக்கொண்டவள் என்ன நினைத்தாள் என்பது கேட்பதில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஓர் எண்ணிக்கை உதவும். சுதந்திரத்துக்குப் பிறகு போராளிகளாக அரசு பதிவு செய்தவர்களில் பெண்கள் 10,949 பேர். இந்தப் பதிவேட்டை ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் ஜமீலா அம்ரான். அவரே இளவயதில் அல்ஜியர்ஸ் குண்டுக் குழுவில் இருந்தவர். பதிவான பெண்களில் 1,755 பேர்தான் விடுதலைப் படையோடு மலையில் இருந்தவர்கள், பலர் செவிலியராக. மீதி 9,194 பேர் ஊரில் இருந்தபடியே வேலை செய்தவர்கள். குண்டு வைத்தவர்கள் இந்தக் கணக்கில் ஒரு சிறு துளி.

அந்த 9,194 பேர் செய்தது என்ன? இரவில் வந்து இறங்கும் போராளிகளுக்கு ரொட்டியும் கூஸ்கூஸும் சமைப்பது, துணி துவைப்பது, ஒளிய இடம் தருவது, ராணுவம் வருகிறதா என்று காவல் நிற்பது, மருந்து, பணம், செய்தி கடத்துவது. பிடிபட்டால் இவர்களுக்கும் சித்திரவதைதான். ஆனால் வழக்கமாக வீட்டில் செய்யும் வேலையின் சாயலிலேயே இருந்ததால், போர் முடிந்ததும் ‘இதில் என்ன இருக்கிறது’ என்றாகிவிட்டது. பதிவுக்கு விண்ணப்பம் வேண்டும், சாட்சி வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத மலைக்கிராமப் பெண்களில் எத்தனை பேர் அலுவலகப் படி ஏறியிருப்பார்கள்? ஆகவே 10,949 என்பதே குறைவான கணக்கு. (இவர்களில் கபீலியா மலையின் பெர்பர் பெண்களும் நிறைய. எல்லாரையும் ‘அரபுப் பெண்கள்’ என்பது சரியல்ல.)

இவர்களைத் திரையில் பார்க்க வேண்டுமானால் அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 1977-இல் எடுத்த ‘செனுவா மலைப் பெண்களின் நூபா’ இருக்கிறது. நூபா என்பது அந்தலூசிய இசையில் ஒரு கோவை. படத்தின் அமைப்பும் அப்படித்தான், கதையாக ஓடாது. லைலா என்ற பெண் ஊருக்குத் திரும்பி, கிராமத்துக் கிழவிகளிடம் போர்க்காலத்தைக் கேட்கிறாள். பேசுகிறவர்கள் நடிகைகள் அல்ல, அந்த வட்டாரத்துப் பெண்களே. ஷெர்ஷல் பகுதியில் போராளி வலையமைப்பை நடத்தி 1957-இல் கொல்லப்பட்ட ஸுலைகா உதாய்க்கும் இசையமைப்பாளர் பார்த்தோக்குக்கும் படத்தைச் சமர்ப்பித்திருக்கிறார் ஜெபார். 1979 வெனிஸ் விழாவில் விமர்சகர் பரிசு கிடைத்தது.

முதல் படத்தைப் பார்த்த கையோடு இதைப் போடாதீர்கள், மெதுவாக நகர்வதால் சலிக்கும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் லைலாவின் கணவனைக் கவனியுங்கள். இங்கே வாய் திறக்காதவன் அவன்தான்.