பதிமூன்று விதிகள் எழுதிய கிளப்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் கொல்கத்தாவில்தான் இருக்கிறது என்று ஒரு விநாடி வினாவில் சொன்னார்களே, உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: இல்லை. 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ளவற்றில்தான் மூத்தது. ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் ராயல் பர்ஜஸ் சங்கம் 1735ஆம் ஆண்டைத் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் எழுத்துச் சான்று வேண்டும் என்றால், ‘ஆனரபிள் கம்பெனி ஆஃப் எடின்பரோ கோல்ஃபர்ஸ்’ என்ற கிளப்புக்குத்தான் முதலிடம் தர வேண்டியிருக்கிறது. எடின்பரோ நகர மன்றம் 1744இல் அந்நகரை ஒட்டிய லீத் திடலில் நடந்த போட்டிக்கு வெள்ளி மட்டை ஒன்றைப் பரிசாக வழங்கியபோது, அதற்காக இவர்கள் எழுதிய 13 விதிகளே இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கோல்ஃப் விதிகள்.

அவற்றைப் படித்தால் அந்தத் திடலே கண்முன் வந்துவிடும். அடித்த பந்தை மனிதரோ குதிரையோ நாயோ தடுத்துவிட்டால், பந்து கிடக்கும் இடத்திலிருந்தே மறுபடி ஆட வேண்டும் என்கிறது ஒரு விதி. லீத் பொது நிலம் என்பதால், இவை மூன்றும் அங்கே நடமாடுவதை யாராலும் தடுக்க முடியாது. ஒரு குழியில் பந்தை விழவைத்து முடித்தவர், அந்தக் குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள்ளேயே அடுத்த குழியை நோக்கி ஆடப் பந்தை வைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. மொத்தம் ஐந்தே குழிகள் கொண்ட திடல் அது.

முதல் ஆண்டு வென்ற ஜான் ராட்ரே ஓர் அறுவை மருத்துவர். மறு ஆண்டு, பிரிட்டிஷ் அரியணையை மீட்க இளவரசர் சார்லஸ் எட்வர்ட் நடத்திய கிளர்ச்சியில் அவர் படையோடு சென்றவர், 1746இல் கலோடன் போரில் அந்தப் படை தோற்ற பின் சிறைப்பட்டார். நீதிமன்றத் தலைவரும் லீத் திடலில் உடன் ஆடியவருமான டங்கன் ஃபோர்ப்ஸ் தலையிட்டதால்தான் அவர் உயிர் தப்பினார் என்பார்கள். கிளப் நட்பு இப்படியும் கைகொடுத்திருக்கிறது!

கேள்வி: பொதுத் திடலில் ஆடியவர்கள் தனியார் கிளப்பாக ஒதுங்கியது ஏன்? (திருச்சி வாசகி)

பதில்: நெரிசல்தான் காரணம். லீத்தில் இடம் போதாமல் 1836இல் மசல்பரோவுக்குப் போனார்கள். அங்கேயும் ஒன்பது குழிகளை வேறு பல கிளப்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், 1891இல் கிழக்கு லோதியனில், கல்லன் ஊரை ஒட்டிய மியூர்ஃபீல்டில் தமக்கென்று ஒரு மைதானம் அமைத்துக்கொண்டார்கள். மறு ஆண்டே, பிரிட்டனின் முதன்மையான கோல்ஃப் போட்டியான ஓப்பனையும் அங்கே கொண்டுபோனார்கள். மசல்பரோவில் அதன் பிறகு ஓப்பன் நடக்கவே இல்லை. 72 குழிகளுக்கு நடந்த முதல் ஓப்பனான அந்த மியூர்ஃபீல்ட் போட்டியில் ஹெரால்ட் ஹில்டன் வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர்.

கேள்வி: மியூர்ஃபீல்டை ஆட்டக்காரர்கள் இவ்வளவு புகழ்வது எதனால்? (சேலம் வாசகர்)

பதில்: அதன் அமைப்பால். கடலோர மைதானங்கள் பலவற்றில் ஒன்பது குழிகள் ஒரே திசையில் போய், மற்ற ஒன்பதும் திரும்பி வரும். இங்கே முதல் ஒன்பது வெளிவட்டமாக வலஞ்சுழியாகவும், அடுத்த ஒன்பது அதனுள்ளே இடஞ்சுழியாகவும் செல்வதால், காற்று ஓயாமல் திசை மாறி வந்து ஆட்டக்காரரைச் சோதிக்கிறது. ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்த மைதானத்தை 1920களில் ஹாரி கோல்ட் திருத்தினார். 1966இல் இங்கே ஓப்பனை வென்ற ஜாக் நிக்லஸ், அமெரிக்காவின் ஒஹாயோவில் தாம் உருவாக்கிய மைதானத்துக்கு மியூர்ஃபீல்ட் வில்லேஜ் என்றே பெயர் வைத்தார்.

கேள்வி: பெண்களைச் சேர்க்க மறுத்த கிளப் இதுதானே? (மதுரை வாசகி)

பதில்: இதுதான். விருந்தினராகப் பெண்கள் ஆட முடிந்தது. உறுப்பினராக மட்டும் முடியவில்லை. 2016 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தபோது, வாக்களித்த 616 பேரில் 397 பேர் பெண்களைச் சேர்க்கலாம் என்றனர், 219 பேர் கூடாது என்றனர். வேறு எங்காவது என்றால் இதைத் தெளிவான வெற்றி என்பார்கள். கிளப்பின் விதியோ மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கேட்டது. பதினான்கு வாக்கு குறைந்துபோனதால் தீர்மானம் தோற்றது. பெண்கள் வந்தால் ஆட்டத்தின் வேகம் குறையும், மதிய உணவுப் பழக்கங்கள் கெடும் என்றெல்லாம் எதிர்ப்பாளர்கள் சுற்றறிக்கை விட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கே விதி எழுதித் தந்தவர்களின் வாதம் இதைவிடக் கனமாக இருந்திருக்கலாம்.

ஓப்பனை நடத்தும் ஆர் அண்ட் ஏ, இனி மியூர்ஃபீல்டில் அந்தப் போட்டி இல்லை என்று அன்றே அறிவித்துவிட்டது. (செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள அதன் தாய் கிளப்பே 2014இல்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 2017 மார்ச்சில் மறு வாக்கெடுப்பு நடந்தது, ஆதரவு 498, எதிர்ப்பு 123. பத்து மாதங்களில் இத்தனை பேர் மனம் மாறியதற்குக் கொள்கையைவிட, பதினாறு ஓப்பன்களை நடத்திய பெருமை கைநழுவியதே காரணம் என்பது என் கணிப்பு. 2019இல் முதல் பெண் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். 2022இல் மகளிர் ஓப்பன் அங்கேயே நடந்தது. தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய், சமநிலையை முறிக்கக் கூடுதலாக ஆடியதில் நான்காவது குழியில் வென்றார்.

கேள்வி: உறுப்பினர் அல்லாதவர் அங்கே ஆட முடியுமா? (சென்னை வாசகர்)

பதில்: முடியும். செவ்வாய், வியாழன் ஆகிய நாட்களை வெளியாருக்கு ஒதுக்குவது நெடுநாள் வழக்கம். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், கட்டணமும் அதிகம். காலையில் ஒரு சுற்று, பின்பு கோட்டும் டையும் அணிந்து மதிய உணவு, மாலையில் ‘ஃபோர்சம்ஸ்’ என்பதே அங்கத்திய ஒழுங்கு. ஃபோர்சம்ஸில் இருவர் சேர்ந்த அணிக்கு ஒரே பந்து; அதை மாறி மாறி அடிக்க வேண்டும். நால்வருக்கு இரண்டே பந்துகள் என்பதால் ஆட்டம் விரைந்து முடியும். கண்டிப்பு மட்டும் யாருக்கும் குறையாது: 1980இல் ஓப்பனை வென்ற அன்று மாலை, டாம் வாட்சன் நண்பர் பென் கிரென்ஷாவோடு பழைய மரத்தண்டு மட்டைகளை எடுத்துக்கொண்டு விளையாட்டாக மைதானத்தில் இறங்கியபோது, கிளப் செயலாளர் நேரில் வந்து இருவரையும் கடிந்துகொண்டார்.