ஓவர்வாட்ச் 2: வராமல் போன ஹீரோ மோட்

அன்புள்ள ஐயா,

ஓவர்வாட்ச் 2 என்ற வீடியோ கேம் ஆட்டத்தில் வரும் என்று அறிவித்த ஹீரோ மோடைக் கைவிட்டதைப் பற்றி என் மகனும் அவன் நண்பர்களும் இன்னும் கசப்போடு பேசுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆட்டத்தில் ஒரு பகுதி வராததற்கு இத்தனை கோபம் தகுமா?

— வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

தகும் என்றே நினைக்கிறேன். 2016-இல் வெளிவந்த முதல் ஓவர்வாட்ச் இலவசமானதல்ல. காசு கொடுத்து வாங்கியவர்களே அதை ஆடினார்கள். 2019 நவம்பரில் ப்ளிஸார்ட் நிறுவனம் இரண்டாம் பாகத்தை அறிவித்தபோது, அதைத் தனி ஆட்டமாகக் கருதுவதற்கு முன்வைத்த முதன்மையான காரணமே, ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கணினி இயக்கும் எதிரிகளோடு மோதும் கதைப் பகுதியும், ஆட்டக்காரர் தேர்ந்தெடுத்து ஆடும் பாத்திரமான ஒவ்வொரு நாயகரின் திறன்களையும் படிப்படியாக வளர்த்துக்கொள்ள இடம்தரும் ஹீரோ மோடும்தான்.

அந்த வாக்கை நம்பி ஆட்டக்காரர்கள் இழந்தவை கொஞ்சமல்ல. 2020 ஏப்ரலில் எக்கோ என்ற நாயகர் வந்தபின் இரண்டாம் பாகம் வரும்வரை ஒரு புதிய நாயகர்கூடச் சேர்க்கப்படவில்லை. பெரிதாக ஒன்று உருவாகிறது என்று பொறுத்துக்கொண்டார்கள். 2022 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்தபோது பழைய ஆட்டத்தின் சர்வர்கள் மூடப்பட்டன, ஆறு பேர் அணி ஐந்து பேர் அணியானது, கதைப் பகுதி பிறகு வரும் என்றார்கள். 2023 மே மாதத்தில் ஹீரோ மோட் வராது என்ற அறிவிப்பு வந்தபோது, பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிடலாம் என்றால் அதுவும் இல்லை. என் பார்வையில் கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே ஆண்டு ஆகஸ்டில் மூன்று கதைப் பணிகள் மட்டும் 15 டாலர் விலையில் வந்தன. அன்றே ஆட்டம், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளத்துக்கும் வந்தது, எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. அவற்றில் பல 2019-இல் அறிவித்துக் கைவிட்ட பகுதியையே சுட்டுகின்றன என்பதை ஆட்டத்தின் இயக்குநர் ஆரன் கெல்லரே ஒப்புக்கொண்டார்.

கைவிட்ட முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் நான் குறை சொல்ல மாட்டேன். நாள்தோறும் ஓடும் ஒரு ஆட்டத்தைப் பராமரித்துக்கொண்டே இன்னொரு பெரிய ஆட்டத்தைக் கட்டுவது அந்தக் குழுவால் தாங்கக்கூடியதாக இல்லை. ஆனால் அது தெரிந்தபின்னும் விற்பனை முடியும்வரை சொல்லாமல் வைத்திருந்தால் அதை மன்னிப்பது கடினம். எப்போது தெரிந்தது என்று கேட்க ஆட்டக்காரர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியை நிறுவனத்திடம் கேட்கும்படி உங்கள் மகனிடம் சொல்லுங்கள். பல ஆண்டு உழைப்பு வெளிவராமலே போன கலைஞர்களையும் நிரலாளர்களையும் தேடிப்பிடித்து வசைபாடுவதில் மட்டும் அவர் சேர வேண்டாம்.

அன்புடன்.