செட்டிநாட்டை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தால் ஊர் வளர்ச்சி முடங்கிவிடுமா?

முடங்காது. ஆனால் செட்டிநாட்டுக்கு அது சரியான ஏற்பாடா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நான் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன். காப்பகம் என்று பேச்செடுத்தாலே எங்கள் ஊரில் வரும் முதல் கேள்வி, "அப்புறம் ஆடு மேய்க்க விடுவாங்களா, வீடு கட்ட விடுவாங்களா?" என்பதுதான். அந்தப் பயம் நியாயமானது, அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

யுனெஸ்கோ 1971-இல் 'மனிதனும் உயிர்க்கோளமும்' திட்டத்தைத் தொடங்கியது. உயிர்க்கோளக் காப்பகம் என்பது இயற்கையையும் அதை நம்பி வாழும் மக்களையும் சேர்த்தே பார்க்கும் பெரும்பரப்பு. அந்தத் திட்டப்படி ஒரு காப்பகத்தில் மூன்று வட்டங்கள் உண்டு. கடும் கட்டுப்பாடு நடுவட்டத்துக்கு மட்டும்தான். அதைச் சுற்றி ஆராய்ச்சி, சுற்றுலா போன்றவற்றுக்கான இடைவட்டம். வெளிவட்டத்தில் ஊர், வயல், கடை எல்லாம் வழக்கம்போல இருக்கும். நம் நாட்டில் உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. உள்ளே இருக்கும் தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்குத்தான் 1972 வனவிலங்குச் சட்டம் பொருந்தும்.

நமக்கு அடுத்தாற்போல் இருக்கும் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். 1989-இல் அறிவிக்கப்பட்டது, 10,500 சதுர கி.மீ. நடுவட்டம் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும். அங்கே தலைமுறைகளாக மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகளை எடுத்துப் பிழைத்த பெண்களுக்குத் தீவுப் பக்கம் போவதே பிரச்சினையானது. கரையோர ஊர்களில் குழுக்கள் அமைத்து, மாற்றுத் தொழிலுக்குக் கடன் தர ஓர் அறக்கட்டளை வந்தது பிறகுதான். அந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். பிழைப்புக்கு வழி செய்துவிட்டுத்தான் எல்லைக்கல் நட வேண்டும்.

சரி, செட்டிநாட்டுக்கு வருவோம். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 5,520 சதுர கி.மீ., மூன்று மாநிலங்களில் பரந்த மலைக்காடு. நம்முடையது செம்மண் பூமி. இங்கே உயிர்கள் கண்மாய், ஊருணி, கோயில்காடு என்று துண்டு துண்டாகத்தான் பிழைத்துக் கிடக்கின்றன. நடுவட்டம் என்று காட்டப் பெரிய காடு இல்லை.

இருப்பதில் எனக்குப் பெருமை எங்கள் திருப்பத்தூர்ப் பக்கத்து வேட்டங்குடி. 1977-இல் அறிவித்த பறவைகள் சரணாலயம், மூன்று கண்மாய்கள் சேர்ந்தும் 38.4 ஹெக்டேர்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் கருவேல மரம் முழுக்க நத்தை குத்தி நாரையும் வக்காவும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். கரையில் நின்றால் குஞ்சுகளின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கண்மாய்க்கரை ஊரான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள், பறவைகள் மிரளும் என்று, பல தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. ஆறு வயதுப் பிள்ளை கம்பி மத்தாப்போடு அடங்கி நிற்பது லேசான காரியமா? எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்கள் கணக்கில் உண்டு. பறவையும் விளைச்சலும் ஒரே கண்மாயில்! திட்ட அறிக்கைகள் தேடும் சமநிலை இதுதானே.

ஆனால் அந்தக் கண்மாய்க்கு உயிர், மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில் இருக்கிறது. சரணாலய எல்லைக்கு வெளியே வரத்துக்காலை மனையாகப் பிரித்து விற்றாலோ, தைலமரக் காட்டில் வரப்பு போட்டு மழைத்தண்ணீரை அங்கேயே நிறுத்தினாலோ உள்ளே என்ன பலகை வைத்தும் பயனில்லை. தண்ணீர் இல்லாத வருஷம் பறவை எட்டிப் பார்க்காது, நடவும் நடக்காது.

அதனால் என் யோசனை இதுதான். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது ஊரின் உயிர்வளத்தைப் பட்டியலிடும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். மதுரை அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது இதே சட்டத்தின் கீழ்தான். நம் அளவுக்கு ஏற்ற சட்டை அது. வருகிற கிராம சபையில் உங்கள் ஊர்ப் பதிவேட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் கண்மாய் மட்டும் இருந்தால் போதாது. வரத்துக்கால், மிகைநீர் வழியும் கலுங்கு, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். ஆடு மேய்ப்பவர்களையும் குழுவில் உட்கார வையுங்கள். எந்த வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.