சட்டம் கேளுங்கள்: அலைக்கோட்டுப் பாய் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பாய் நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவள் நான். தாமிரபரணியின் அலையைப்போலக் கோடுகள் ஓடும் சிறு பாய் ஒன்றை வடிவமைத்தேன். மடித்தால் கைப்பிடியோடு பையாகிவிடும். தை மாதம் திருநெல்வேலியில் ஒரு கடைக்காரரிடம், “ஆர்டர் முடிவாகும்வரை யாருக்கும் காட்ட வேண்டாம்” என்று சொல்லி மாதிரி கொடுத்துவந்தேன். இப்போது அதே பாய், பிளாஸ்டிக் இழையில், ‘பத்தமடைப் பாய்’ என்ற சீட்டுடன் அவர் கடையில் தொங்குகிறது. அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கண்காட்சியில் என் பாயை வைக்கப்போகிறேன். என் யோசனைக்குக் காப்புரிமை கிடைக்குமா?
— ஒரு வாசகி, பத்தமடை

பதில்: எல்லாவற்றையும் ‘காப்புரிமை’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். பாயை மடித்துப் பையாக்கலாம் என்ற வெறும் யோசனை எவருக்கும் சொந்தமாகாது. காப்புரிமை (பேடன்ட்) புதிய கண்டுபிடிப்புக்கு உரியது; மடிக்கும் முறையில் இதுவரை இல்லாத தொழில்நுட்பம் இருந்தாலொழிய அதற்கு இடமில்லை. உங்கள் உண்மையான சொத்து அந்த அலைக்கோடுதான்.

நீங்கள் தாளில் வரைந்த படத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்), வரைந்த அன்றே பிறந்துவிடுகிறது. ஆனால் பலர் அறியாத ஒரு பள்ளம் இங்கே உண்டு: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வடிவமைப்பாக, அதாவது ஒரு பொருளின் தோற்றமாக, பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, அதைத் தாங்கிய பொருளைத் தொழில்முறையில் 50க்கு மேல் நீங்களோ உங்கள் அனுமதி பெற்றவரோ செய்துவிட்டால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை அத்துடன் முடிந்துபோகும். ஒரு கல்யாண ஆர்டரிலேயே அந்த எண்ணிக்கை தாண்டிவிடும்.

ஆகவே, 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டத்தின்கீழ் உடனே விண்ணப்பியுங்கள். கையால் நெய்த பொருளும் அதில் அடங்கும். பாதுகாப்பு முதலில் 10 ஆண்டுகள், பிறகு நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டுகள். விண்ணப்பிக்கும்முன் வடிவம் வெளியுலகுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்பதுதான் கடுமையான நிபந்தனை. நம்பிக்கையின்பேரில் ஒருவரிடம் காட்டியதையும், அவர் அந்த நம்பிக்கையை மீறி வெளியிட்டதையும் சட்டம் உங்களுக்கு எதிராகக் கொள்வதில்லை. அதனால் கடைக்காரர் செய்த காரியத்தால் உங்கள் வாய்ப்பு பறிபோய்விடவில்லை. ஆனால் நீங்களே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டிருந்தாலோ, விண்ணப்பிக்காமல் கண்காட்சியில் விரித்துவைத்தாலோ அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு, முன்னறிவிப்புக் கொடுத்திருந்தால் 6 மாத விலக்கு உண்டு. எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது. கண்காட்சிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேரட்டும்.

பதிவுக்கு முன் கடைக்காரர் விற்றவற்றை இச்சட்டத்தால் தொட முடியாது. அதற்கு நம்பிக்கை மீறல் என்ற அடிப்படையில் வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் அனுப்பலாம். “யாருக்கும் காட்ட வேண்டாம்” என்று சொன்னதற்குக் குறுஞ்செய்தியோ சாட்சியோ இருந்தால்தான் அது நிற்கும்.

பெயர் விஷயம் வேறு. பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது; அதாவது, அந்த ஊரின் தனிச்சிறப்புப் பொருளுக்கே உரிய பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு அதற்கு உண்டு. கோரையே இல்லாத பாய்க்கு அந்தப் பெயரை ஒட்டுவது, என் பார்வையில், உங்கள் கோட்டைத் திருடியதைவிடப் பெரிய துணிச்சல். பொய்யான புவிசார் குறியீட்டுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டு. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக, அதாவது அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை பெற்றவராக, நீங்களும் பதிந்துகொண்டால், உங்கள் பெயரிலேயே வழக்குத் தொடுக்கலாம். அதற்கு முன்னதாக, தெரிந்தவர் யாரையாவது அனுப்பி அந்தக் கடையில் ஒரு பாயை விலைக்கு வாங்கச் சொல்லுங்கள். ரசீதில் ‘பத்தமடைப் பாய்’ என்றே எழுதித் தரச்சொல்லி, சீட்டைக் கிழிக்காமல் கொண்டுவரட்டும்.